மேலிருந்து இறங்கிய தேன் நிறம்

மனித நாகரிகம் மூன்று கண்டுபிடிப்புகளின் மேல் நிற்கிறது: நெருப்பு, சக்கரம், புகைக்குழல்.

இந்த மகாவாக்கியம் புகைக்குழல் ரசிகர் மன்றத்துக் கூடத்தின் சுவரில் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அருளியவர் மன்றத் தலைவர். அதற்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. கூரை ஒழுகாமல் தடுக்கும் நான்காவது கண்டுபிடிப்பு அந்தக் கட்டடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

துப்பறிவாளர் வாக்கியத்தைப் படித்தார். வாளியைப் பார்த்தார். பிறகு, கதவைத் தாண்டியதுமே செயலாளர் தன் கையில் திணித்த காகிதத்தைப் படித்தார். கோபம் அங்கேதான் தொடங்கியது.

'நேரில் ஆராய்ந்ததில், கண்ணாடிப் பெட்டியிலிருந்த நுரைக்கல் புகைக்குழலைத் திருடியவர் மன்றத்தில் குழல் துடைக்கும் பெண்மணியே என்பது என் தொழில்முறை முடிவு.'

சுத்தமாக டைப் செய்யப்பட்டிருந்தது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

"நான் இன்னும் உட்காரக்கூட இல்லையே," என்றார் துப்பறிவாளர்.

"உங்க நேரம் வீணாகக் கூடாதுன்னுதான் சார்," என்றார் செயலாளர். ஒல்லியான மனிதர். உறுப்பினர்கள் அவரை முதுகுக்குப் பின்னால் ஆமாம்சாமி என்று அழைத்தார்கள். முகத்துக்கு நேரே அழைத்திருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

"நல்ல ஏற்பாடு அத்தான்," என்றாள் மச்சினி. "அடுத்த கேசுக்கு நாம வரவே வேண்டாம். ஒரு ரப்பர் ஸ்டாம்பைக் கூரியர்ல அனுப்பிடலாம்."

மச்சினி என்பது உறவு. உத்தியோகம், துப்பறிவாளரின் உதவியாளர். உதவியாளர் தேவை என்று அவர் எழுதிய விளம்பரம் பத்திரிகைக்குப் போகாமல் அடுப்படியோடு நின்றுபோனது. மறுநாள் காலை மனைவியின் தங்கை மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சம்பள நாளில் அவர் சொந்தக்காரர். மற்ற நாட்களில் முதலாளி.

தலைவர் எழுந்தருளினார். வந்தார் என்று எழுதினால் அந்தத் தொப்பைக்கும், பட்டு அங்கிக்கும், வாயில் அணைந்து கிடந்த பிரையர் குழலுக்கும் நியாயம் செய்ததாகாது. கையில் தடித்த புத்தகம் ஒன்று. 'குழலும் குணமும்'. ஆசிரியர், அவரே.

"ஒரு குழல்ல ருசியைத் தீர்மானிக்கறது புகையிலை இல்லை," என்று யாரும் கேட்காமலே ஆரம்பித்தார். "குழல் எதுல செஞ்சதுங்கறதுதான். பிரையர் வேர்க்கட்டை ஒரு நண்பன். பழகப் பழகத்தான் பக்குவம். களிமண் உண்மை பேசும். புகையிலை எப்படியோ அப்படியே நாக்குல கொண்டுவந்து போடும். கையைச் சுட்டுடும். உண்மை சுடத்தானே செய்யும்! சோளக்கட்டை..." முகம் சுளித்தார். "வழிப்போக்கன் பிடிக்கறது."

செயலாளர் எதற்கோ இருமினார்.

"ஆனா நுரைக்கல்!" தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "விடியற்கால மேகத்தை உள்ளங்கையில ஏந்தின மாதிரி. சூடே தெரியாது. ஈரத்தையெல்லாம் கல்லே குடிச்சிடும். வருஷம் போகப் போக வெள்ளைக் கல் தேன் நிறமாகும். இருபத்திரண்டு வருஷம் சார். என் ஆயுசையே தேனாக்கி அதுல ஊத்தியிருக்கேன்."

"சர்க்கரை டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?" என்றாள் மச்சினி.

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்ட விவரம் இவ்வளவுதான். நன்றாக நிறமேறிய நுரைக்கல் குழலுக்கு ஆண்டுதோறும் தேன் பதக்கம் தரப்படும். இன்று மாலை ஐந்து மணிக்கு மதிப்பீட்டாளர் வருகிறார். தலைவருடைய குழலுக்குத்தான் பதக்கம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. காலை ஒன்பது மணிக்குப் பார்த்தால் கண்ணாடிப் பெட்டி காலி. பூட்டு உடையவில்லை. பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று தலைவரிடம், ஒன்று குழல் துடைக்கும் அம்மாவிடம். புகார் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நான்கு மணிக்குப் போலீஸ் வந்து அந்த அம்மாவை அழைத்துப் போகும்.

இப்போது மணி இரண்டு.

"உங்க சாவி எங்கே இருந்தது?"

"என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"சாவியைத்தான் கேட்டேன். ஆளை இன்னும் கேட்கலை. அந்தம்மா எங்கே?"

"பத்திரமா இருக்கா."

"பத்திரமான்னா?"

"ஸ்டோர் ரூம்ல போட்டு வெளியில பூட்டியிருக்கோம்," என்றார் செயலாளர், ஏதோ மிச்சமான நாற்காலியைப் பற்றிச் சொல்வதுபோல.

துப்பறிவாளரின் குரல் ஒரு படி தாழ்ந்தது. மச்சினி செயலாளரின் காதருகே குனிந்தாள். "அத்தான் கத்தினா கவலைப்படாதீங்க. மெதுவா பேச ஆரம்பிச்சாத்தான் கொஞ்சம் தள்ளி நிக்கணும்."

"ஒரு ஆளைப் பூட்டிவைக்க போலீசுக்கே காகிதம் வேணும்," என்றார் துப்பறிவாளர் மிக மெதுவாக. "உங்ககிட்ட என்ன காகிதம் இருக்கு? இதுவா?"

டைப் செய்த அறிக்கையை இரண்டாகக் கிழித்தார். இரண்டை நான்காக்கினார். நான்கையும் தலைவரின் புத்தகத்தின் மேல் வைத்தார்.

"சாவியைக் கொடுங்க."

ஸ்டோர் ரூமில் கால் உடைந்த நாற்காலிகளும் பினாயில் வாடையும் ஒரு பெண்மணியும் இருந்தார்கள். கவிழ்த்துப் போட்ட தகர டின் மேல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். அழுதுகொண்டிருப்பார் என்று எண்ணி மச்சினி கைக்குட்டையை எடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பைக்குள் திருப்பி வைத்துவிட்டாள். கைக்குட்டை தேவைப்படுகிற முகம் அல்ல அது. கட்டை கொடுத்தால் நாலு பேரை வெளுத்துவிடும் முகம்.

"தண்ணி கேட்டேன்," என்றார். "மூணு மணி நேரம் ஆச்சு. நாகரிகம் நாகரிகம்னு சுவத்துல எழுதி வச்சிருக்காங்க. ஒருத்தனுக்கும் காது கேக்கலை."

மச்சினி தன் பாட்டிலை நீட்டினாள். அந்த அம்மா முழுசாகக் குடித்து முடிக்கும்வரை துப்பறிவாளர் காத்து நின்றார்.

"போலீசுக்கு நான் பயப்படலை சார். அவங்க ரெண்டு அறை விட்டாலும் வாங்கிக்குவேன். என் பொண்ணு ஆஸ்பத்திரியில நர்சு. மருந்து அலமாரி சாவி அவகிட்டதான் இருக்கு. அம்மா திருடின்னு தெரிஞ்சா, நாளைக்கு அந்தச் சாவி அவ கையில தங்குமா? நீங்களே சொல்லுங்க."

துப்பறிவாளர் ஒரு நாற்காலியை இழுத்து, அதன் மூன்று கால்களையும் நம்பி உட்கார்ந்தார். "அந்தக் குழலைப் பத்திச் சொல்லுங்கம்மா."

"அதை மட்டும் எப்படிச் சொல்றது? பதினோரு வருஷமா இங்க இருபத்தேழு குழல் துடைக்கறேன். ஒண்ணுலகூட இழுத்ததில்லை. ஆனா எது எப்படின்னு கை சொல்லிடும். பிரையருக்கு உள்ளே கரி படியணும். ஒரு காசு கனத்துக்கு விட்டுட்டு மிச்சத்தைச் சுரண்டணும். அந்தக் கரிதான் கட்டையை வேகாம காப்பாத்தும். முழுசாச் சுரண்டினா அடுத்த தடவை கட்டை வாடையும் சேர்ந்து வாயில வரும். நுரைக்கல்லுக்கு நேர் எதிர். கரியே ஆகாது. விட்டா கல்லு விரிஞ்சுடும். ஆறினதும் துணியால துடைச்சுடணும். சோளக்கட்டையை இவங்க கேவலமாப் பேசுவாங்க. புதுசுலயே புகை இனிப்பா வருமாம், பழக்கவே வேணாமாம். செயலாளர் ஐயா பின்வாசல்ல நின்னு அதைத்தான் பிடிக்கறார்."

"பெரிய இடத்து ரகசியம்," என்றாள் மச்சினி.

"நுரைக்கல் குழல் மன்றத்துல நாலு இருக்கு. மத்த மூணுலயும் நிறம் அடியிலேர்ந்து ஏறும். காம்பு சேர்ற இடத்துல முதல்ல பழுக்கும். அப்புறம் கிண்ணத்தோட அடி. அப்புறம் மெல்ல மெல்ல மேல. விளிம்புக்கு வரவே வருஷக்கணக்காகும். தலைவர் ஐயாவோடது மட்டும் விளிம்புல கறுப்பா இருக்கும், அடி வெளுத்துக் கிடக்கும். நேத்து சாயங்காலம் கேட்டேன். 'ஐயா, எல்லாருக்கும் கீழேர்ந்து மேல ஏறுது, உங்களுக்கு மட்டும் மேலேர்ந்து கீழ இறங்கியிருக்கே, எப்படி?'ன்னு. தப்பாவா கேட்டேன்?"

"அப்போ யாரெல்லாம் இருந்தாங்க?"

"நாலஞ்சு பேர். எல்லாரும் சிரிச்சாங்க. ஐயா சிரிக்கலை."

"தலைகீழாப் பிடிச்சு எதுலயாவது முக்கினா மேலேர்ந்துதானே இறங்கும்?" என்றாள் மச்சினி, நகத்தைப் பார்த்துக்கொண்டு. சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். தான் சொன்னது நகைச்சுவை அல்ல என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

துப்பறிவாளர் எழுந்துவிட்டார். "எதுல?"

"எதுல முக்கினாரோ தெரியாது," என்றார் அந்த அம்மா. "ஆனா காலைலேர்ந்து ஒண்ணு பாத்துட்டிருக்கேன். வேற வேலை? இந்த ஜன்னல் வழியா எதிர்ச் சுவர்ல ஒரு குழாய் தெரியுது பாருங்க. தலைவர் ஐயாவோட கக்கூஸ்ல தண்ணித்தொட்டி நிரம்பினா வழியற குழாய் அது. ஒன்பது மணிக்குக் கடுங்காப்பி மாதிரி வழிஞ்சுது. பதினோரு மணிக்குத் தேத்தண்ணி மாதிரி ஆச்சு. இப்ப பால் ஊத்தின மாதிரி வருது."

மூவரும் பார்த்தார்கள். வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ருசி பாத்துச் சொல்லுன்னு மட்டும் சொல்லிடாதீங்க அத்தான். நீங்க குடுக்கற சம்பளத்துக்கு அது ஜாஸ்தி."

"அந்தக் கக்கூசுக்கு எத்தனை சாவிம்மா?"

"ஒண்ணே ஒண்ணு. அவர் இடுப்புல இருக்கும். நான் கழுவப் போனாக்கூட அவரே திறந்துவிட்டு வாசல்ல நிப்பார். கழுவி வந்ததும் பூட்டிக்குவார்."

"இன்னிக்குக் கழுவினீங்களா?"

"எங்க? அதுக்குள்ள திருடி ஆயிட்டேனே."

மூன்றரை மணிக்குக் கூடத்தில் உறுப்பினர்கள் நிறைந்துவிட்டார்கள். ஆளுக்கொரு குழல், ஆளுக்கொரு துக்க முகம். திருட்டுப்போன குழலுக்கு ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்கலாமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்த மனுஷிக்கு அரை நிமிடம்கூட யாரும் ஒதுக்கியிருக்கவில்லை.

"தலைவரே," என்றார் துப்பறிவாளர் தாழ்ந்த குரலில். "உங்க கழிவறைச் சாவி வேணும்."

"அது ரிப்பேர்."

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப... காலைலேர்ந்து."

"எனக்குத்தான் சார்," என்றாள் மச்சினி, கூடத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "ரொம்ப அவசரம்."

இருபத்தாறு தலைகள் திரும்பின. மன்றத்தில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது. தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. ஒரு பெண்மணியை நடுக்கூடத்தில் தவிக்கவிட்டவர் என்ற பெயரை எந்தத் தலைவரும் விரும்பமாட்டார். அவர் கை இடுப்புக்குப் போனது.

கதவு திறந்ததும் உள்ளே போனது மச்சினி அல்ல, துப்பறிவாளர். அவருக்குப் பின்னால் தலைவர், செயலாளர், குழல் துடைக்கும் அம்மா, வாசலை அடைத்துக்கொண்டு மன்றம் மொத்தமும். துப்பறிவாளர் தொட்டியின் மூடியைத் தூக்கிக் கீழே வைத்தார்.

"கையை விட்டு எடுங்க."

"நானா?"

"நீங்கதான்."

பட்டு அங்கியின் கை முழங்கைவரை நனைந்தது. தொட்டியின் மிதவையில் ஒரு காம்பு கொக்கிபோல மாட்டி, மிதவையைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. அதனால்தான் தண்ணீர் நிற்காமல் நிரம்பி வழிந்திருக்கிறது. தலைவர் இழுத்தார். கையோடு வந்தது ஒரு வெள்ளைக் குழல். அல்லது, காலையில் குழலாக இருந்தது. இப்போது விளிம்பு கரைந்து, அடி ஊதி, பாலில் அதிக நேரம் கிடந்த ரொட்டி மாதிரி இருந்தது.

தலைவர் ஒரு நொடிதான் தடுமாறினார். "பாருங்க! எல்லாரும் பாத்துக்கங்க! அந்தத் திருடி எங்கே கொண்டுவந்து ஒளிச்சு வச்சிருக்கா பாருங்க!"

"இந்தக் கதவுக்கு எத்தனை சாவி?"

"ஒண்ணு."

"அது எப்பவும் உங்ககிட்டதான் இருக்குமா?"

தலைவர் வாய் திறக்குமுன் செயலாளர் முந்திக்கொண்டார். பல வருடப் பழக்கம் விடுமா?

"ஆமாம்," என்றார் செயலாளர்.

கூட்டம் சலசலத்தது. ஆனால் தலைவரின் கவனம் இப்போது அதில் இல்லை. உள்ளங்கையில் குழைந்துகொண்டிருந்த வெள்ளைக் களிம்பையே வெறித்துக்கொண்டிருந்தார். 

"இது என் குழல் இல்லை," என்றார். "என்னோடது நுரைக்கல். நுரைக்கல் தண்ணியில கரையாது. மிதக்கும்."

"அப்படி யார் சொன்னது?"

"நான் சொல்றேன்! என் புத்தகத்துல நாற்பத்தொண்ணாம் பக்கம் பாருங்க!"

"அப்போ மதிப்பீட்டாளர் போனதும் மூடியைத் திறந்தா மேலேயே மிதந்துட்டிருக்கும், எடுத்துக்கலாம்னு நினைச்சிருப்பீங்க."

"மிதந்துட்டுத்தானே இருக்கணும்! நான் அப்படியே மெதுவாத்தான் வச்சேன், அது..."

நிறுத்தினார். நிறுத்திப் பயனில்லை. இருபத்தாறு பேரும் தங்கள் குழல்களை வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"கை ஒடிஞ்சா மாவுக்கட்டு போடுவாங்களே, அந்த மாவு அத்தான் இது," என்றாள் மச்சினி, களிம்பை விரலால் தொட்டு. "ஏதோ பசை போட்டு இறுக்கி, பாலீஷ் தேய்ச்சு வித்திருக்கான். நரம்பில்லாத நாக்குன்னு கேட்டிருக்கேன். மாவுக்கட்டு போட்ட நாக்கை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

துப்பறிவாளர் யாரும் சிரிக்க இடம் கொடுக்கவில்லை.

"நேத்து இந்தம்மா உங்களை ஒரு கேள்வி கேட்டாங்க. தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். இல்லைன்னா தேயிலைத் தண்ணியில தலைகீழா முக்கினேன்னு ஒத்துக்கிட்டிருக்கலாம். நாலு பேர் சிரிச்சிருப்பாங்க, அவ்வளவுதான். நீங்க என்ன பண்ணீங்க? குழல் துடைக்கற கண்ணுக்கே தெரிஞ்சா மதிப்பீட்டாளர் கண்ணுக்குத் தப்பாதுன்னு பயந்தீங்க. குழல் காணாமப் போயிட்டா அவர் பாக்க முடியாது. பாத்த ஆள் திருடி ஆயிட்டா அவ பேச்சு அம்பலம் ஏறாது. உங்க ஒரு பதக்கத்துக்காக ஒரு தாயும் மகளும் தெருவுக்கு வரணும். அதுக்குக் கீழே நான் கையெழுத்து வேற போடணும்!"

கடைசிச் சொல்லில்தான் குரல் உயர்ந்தது. வாசலில் நின்ற உறுப்பினர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். மற்ற மூன்று நுரைக்கல் குழல்களின் சொந்தக்காரர்கள் அவற்றைச் சட்டைப்பைக்குள் ஆழமாகத் தள்ளினார்கள். மிதக்கிறதா என்று பார்க்கக் கூடத்தில் தண்ணீரோடு ஒரு வாளி இருந்தது. யாரும் அதன் பக்கம் திரும்பவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி. நடந்தது நடந்துபோச்சு. போலீசுக்கு நான் ஒரு போன் போட்டுச் சொல்லிடறேன். இந்தம்மா வழக்கம்போல வேலைக்கு வரட்டும். பெரிய மனசு பண்ணி..."

"யாருக்குப் பெரிய மனசு?" என்றார் குழல் துடைக்கும் அம்மா.  "காலைல திருடின்னு வாயால சொன்னீங்களா, எழுதிக் குடுத்தீங்களா?"

"எழுதி..."

"எழுதினதை எழுதித்தான் அழிக்கணும். போன் எல்லாம் வேணாம். நான் இல்லைன்னு உங்க கையால எழுதி எனக்கு ஒரு நகல் வேணும். என் பொண்ணு ஆஸ்பத்திரியில காட்டணும். நாளைக்கு வேலைக்கு வரதா வேணாமான்னு நான் அப்புறம் யோசிச்சுக்கறேன்."

நான்கு மணிக்குப் போலீஸ்காரர் வந்தார். வியர்வையும் அவசரமுமாக இருந்தார். சுவரில் இருந்த மகாவாக்கியத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. புகாரைத் திரும்பப் பெறுவதற்குப் படிவம் இருந்தது. அவர் கேட்கக் கேட்க, தலைவர் தன் கையாலேயே எழுதினார்.

"பொருள் எங்கே கிடைச்சுது?"

"மன்ற வளாகத்துக்குள்..."

"கக்கூஸ் தொட்டின்னு எழுதச் சொல்லுங்க," என்றார் அந்த அம்மா.

கக்கூஸ் தொட்டி என்று எழுதப்பட்டது.

"அங்கே வச்சது யாரு?"

பேனா வெகுநேரம் காகிதத்தைத் தொடாமல் நின்றது. துப்பறிவாளர் தலைவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.   'நான்' என்று எழுதப்பட்டது.

நகல் எடுக்கப்பட்டது. அந்த அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

போலீஸ்காரர் காலையில் கொடுத்த புகாரை வரி வரியாக விரலால் தொட்டுப் படித்துக்கொண்டே வந்தார். "பொய்ப் புகார்னு ஆயிட்டா எல்லா வரியையும் சரிபார்க்கணும் சார். இதோ, 'நான் தினமும் பயன்படுத்தும் குழல்'னு இருக்கு. இதாவது நிஜம்தானே?"

"நிஜம்தான்," என்றார் தலைவர். சொல்லும்போது அவர் கண் தற்செயலாகக் குழல் துடைக்கும் அம்மாவின் மேல் விழுந்தது.

அவர் பதினோரு வருடமாக அந்தக் குழலுக்குள் பஞ்சுக் கம்பி விட்டு எடுத்தவர். கம்பி எந்த நிறத்தில் வெளியே வரும் என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைவர் குரலைத் தாழ்த்தி, போலீஸ்காரருக்கு மட்டும் சொல்வதாக எண்ணிக்கொண்டு சொன்னார். வாங்கிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றவைத்தார். கிண்ணம் நெருப்பாகச் சுட்டது, நாக்கு வெந்தது, நாலாவது இழுப்பில் வாந்தி வந்தது. மேகத்தை ஏந்தியதுபோல இருக்கும் என்றுதான் விற்றவன் சொன்னான். மற்றவர்களுக்கெல்லாம் அப்படித்தான் இருக்கிறது, தனக்குத்தான் ரசனை போதவில்லை என்று நினைத்துக்கொண்டார். அதன்பிறகு எந்தக் குழலிலும் அவர் நெருப்பு வைத்ததில்லை.

"அது மாவு ஐயா, அதான் சுட்டுது," என்றார் குழல் துடைக்கும் அம்மா. அவருக்கு இன்னும் கோபம் தணியவில்லை. "நல்ல கல்லு சுடாது. கேட்டிருந்தா யாராவது சொல்லியிருப்பாங்க."

போலீஸ்காரர் காகிதத்தைத் தலைவரின் பக்கம் தள்ளினார். தலைவர் 'தினமும்' என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேலே 'ஒருமுறை' என்று எழுதினார்.